கொசுறு இல்லாத ஊர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மே மாதம் மியூனிக்கில் மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தோம். ஜெர்மனியைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு ஆசையோடு போனவள் நான். ஏமாற்றம்தான்.

போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. காபி போடப் பால் இல்லை. நானும் கணவரும் நாலு தெரு சுற்றினோம், ஒரு பெட்டிக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. மறுநாள் சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்ட பெண் சாமான்களைத் தள்ளிய வேகத்தில் தக்காளி கீழே உருண்டது. பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். வண்டியே வராத தெருவில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் குறுக்கே போனதற்கு ஒரு பாட்டி சத்தம் போட்டார். இதற்கெல்லாம் மேலே, மகனுடன் வேலை பார்ப்பவர் எங்களை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை! ஒரு பலகையில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய். அவ்வளவுதான். விருந்தாளிக்குச் சூடாக ஒரு வாய் போடத் தோன்றாதவர்களைப் பற்றியா நீங்கள் அவ்வளவு எழுதினீர்கள்?

ஆர்.
கோவை

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

பால் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. லைப்சிக்கில் இரண்டு மாதம் தங்கியபோது என் முதல் ஞாயிறு கறுப்புக் காபியோடுதான் விடிந்தது. பெரிய ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் கடை இருக்கும், பேக்கரிகள் சில மணி நேரம் திறக்கும் என்பதெல்லாம் அடுத்த வாரம்தான் தெரிந்தது.

இவ்வளவு பெரிய ஊரில் வியாபாரம் செய்ய ஆளில்லையா என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு விசாரித்தால், அந்தப் பூட்டுக்குப் பின்னால் அரசியல் சட்டமே இருக்கிறது. ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலையிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாட்கள் என்று 1919-ன் வைமர் அரசியல் சட்டம் 139-வது பிரிவில் சொன்னது. 1949-ல் புதிய சட்டம் எழுதியபோது இந்தப் பிரிவை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். கடை நேரத்தை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2006-ல் விட்ட பிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்றது பெர்லின் மாநிலம். சர்ச்சுகள் வழக்குப் போட்டன. கூடாது என்று 2009-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் சர்ச்சும் தொழிற்சங்கமும் ஒரே பக்கம் நிற்பதுதான் வேடிக்கை. கும்பிடப் போகிறவருக்கும் ஞாயிறு வேண்டும், கல்லாவில் இருப்பவருக்கும் வேண்டும். உங்கள் தக்காளியை உருட்டிவிட்ட பெண்ணும் அன்று வீட்டில்தான் இருந்திருப்பார்.

அவர் உட்கார்ந்துகொண்டுதானே பில் போட்டார்? அதைக் கவனித்தீர்களா? நம் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழக சட்டசபையில் திருத்தம் வந்ததே 2021-ல்தான். அந்த வேகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அங்கேயே பையில் அடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். பல கடைகளில் ஜன்னலோரம் ஒரு திண்டு இருக்கும், அங்கே வைத்து நிதானமாக அடுக்கலாம். என்னிடமும் ஒருவர் உச்சுக் கொட்டிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நமக்கு அங்கே உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். கொசுறு இல்லை. அண்ணாச்சி கடையில் கறிவேப்பிலை சும்மா வரும், பத்து ரூபாய் குறைந்தால் "அப்புறம் குடுங்கம்மா" என்பார். நம் வியாபாரமே முகதாட்சண்யத்தில் ஓடுகிறது. அங்கே விலைச் சீட்டில் கிலோவுக்கு என்ன விலை, லிட்டருக்கு என்ன விலை என்று சின்ன எழுத்தில் போட்டாக வேண்டும், அது சட்டம். முகம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதனால் யாரும் பார்ப்பதில்லை. இது எனக்கும் முழுசாகப் பிடித்துவிடவில்லை. இரண்டு மாதம் ஒரே கடைக்குப் போயும் கல்லாவில் இருந்தவரிடம் வணக்கம், நன்றி தாண்டி ஒரு பேச்சு கிடையாது.

ஆனால் அங்கேதான் பாட்டில் விஷயத்தையும் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பெயர் 'ஃபான்ட்'. குடித்து முடித்ததும் பாட்டிலை நசுக்கிவிட வேண்டும் என்று நம் ஊர் பாட்டிலில் அச்சிட்டிருக்குமே, அந்தப் பழக்கத்தில் எட்டு பாட்டிலையும் திருகி நசுக்கி எடுத்துப் போனேன். மெஷினால் லேபிளைப் படிக்க முடியவில்லை, எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பியது. இரண்டு யூரோ போச்சு.

அந்த நாட்களில்தான் ரயில் நிலையத்தில் ஒரு முதியவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட கோட்டு, கையில் சின்ன டார்ச். குப்பைத் தொட்டிகளுக்குள் அடித்துப் பார்த்து பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பணக்கார நாட்டில் அந்த வயதில் ஒருவர் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரம் நின்றதில் இன்னொன்றும் தெரிந்தது. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் காலி பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல், பக்கத்தில் தரையில் நிறுத்திவைத்துவிட்டுப் போனார்கள். எடுக்கிறவர் தொட்டிக்குள் கையை விட வேண்டாமே என்று. அங்கே அது பரவலான பழக்கமாம். வைத்தவர்கள் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டியை விடுங்கள். பக்கத்தில் ஏதாவது குழந்தை நின்றிருக்கும். 'பச்சையில் மட்டும் கடக்கவும், குழந்தைகளுக்கு முன்மாதிரியாக இருக்கவும்' என்று சில சிக்னல்களில் பலகையே வைத்திருக்கிறார்கள். போலீஸ் பிடித்திருந்தால் ஐந்து யூரோ. பாட்டி இலவசம்.

இனி அந்த ரொட்டிப் பலகை. அதற்கு 'ஆபென்ட்ப்ரோட்' என்று பெயர், 'மாலை ரொட்டி' என்று நேர் அர்த்தம். சூடான சாப்பாட்டை மதியமே முடித்துவிட்டு இரவில் ரொட்டி தின்பது அவர்கள் வீட்டு வழக்கம். ரொட்டி என்றால் நம் பாக்கெட் பிரெட்டை நினைக்காதீர்கள். கம்பு வகை என்று நான் வெகுநாள் தவறாக நினைத்திருந்த, கோதுமைக்கு உறவான 'ரை' என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட கறுத்த ரொட்டி, விதை பதித்தது, பூசணி விதை போட்டது என்று மூவாயிரத்துக்கும் மேல் வகைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 2014-ல் தங்கள் ரொட்டிப் பண்பாட்டையே தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். புளிப்பு எனக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் வெண்ணெய் தடவி ராத்திரி தனியாகத் தின்றுகொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்தவரை, அவ்வளவு நெருக்கமில்லாத விருந்தாளி வந்தால் அவர்களும் அடுப்பைப் பற்றவைத்துத் தடபுடல் செய்வார்கள். உங்களுக்குப் போட்டது அவர்கள் தினமும் தின்பது. நம் வீட்டில் நெருங்கியவர் வந்தால் "இருக்கிறதைச் சாப்பிடுங்க" என்று பழைய குழம்பைச் சுடவைப்போமே, அந்தக் கணக்கில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது அவர்களை மகன் வீட்டுக்குக் கூப்பிட்டு இட்லி, சாம்பார் போடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி என்று சொன்னால் ஏழுக்கே மணி அடிப்பார்கள். அப்போது நீங்கள் தாளித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், பாலைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.