புது கினி பிக் பயந்து ஒளிகிறதா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

எட்டு வருடமாகக் கினி பிக் என்கிற வாலில்லாத சின்னக் கொறிக்கும் பிராணியை வளர்க்கிறேன், இப்போது வீட்டில் நான்கு இருக்கின்றன. புதிதாக வாங்கியவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, ரெண்டு பெண் குட்டி வாங்கி நாலு நாள் ஆகிறது. நான் அறைக்குள் வந்தாலே மரவீட்டுக்குள் ஓடிவிடுகின்றன. அந்த வீட்டை எடுத்துவிட்டால் சீக்கிரம் பழகும் என்று கடைக்காரர் சொல்கிறார். எடுக்கட்டுமா?

எடுக்கவே எடுக்காதீர்கள். ஒளிய இடம் இல்லாவிட்டால் அது பழகாது, பயத்தில் உறைந்து மூலையில் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்து நாம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆண்டிஸ் மலைப் பக்கத்து மக்கள் இதைப் பல ஆயிரம் வருடத்துக்கு முன்பே இறைச்சிக்காக வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள், ஆனாலும் பருந்துக்கும் நரிக்கும் இரையான பிராணியின் உடம்புதான் அதற்கு இன்றைக்கும். ஓடி ஒளிய ஒரு இடம் பக்கத்திலேயே இருந்தால்தான் வெளியே நாலு எட்டு வைக்கும். ஆளுக்கு ஒரு வீடு கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும், ஒரே வாசல் என்றால் ஒன்று இன்னொன்றை உள்ளே மடக்கிவிடும். அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டால் போதும், காசு செலவே இல்லை.

முதல் வாரம் தொடவே வேண்டாம். தண்ணீர், புல், சுத்தம், அவ்வளவுதான். தினமும் ஒரே நேரத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், மெதுவாக எதையாவது பேசுங்கள் அல்லது படியுங்கள். என்னிடம் முதலில் வந்த இரண்டில் ஒன்று ஒன்பதாம் நாள் மூக்கை நீட்டியது, மற்றதற்கு இரண்டு மாதம் ஆனது. ஒரே கடை, ஒரே கூண்டு, ஒரே சாப்பாடு!

கையை உள்ளே விட்டாலே தெறித்து ஓடுகிறதே, எப்படித்தான் பழக்குவது?

மேலேயிருந்து கையை விடுகிறீர்களா? அதற்கு அது பருந்துதான். மேல்பக்கம் திறக்கிற கூண்டு என்றால் பக்கவாட்டில் ஒரு கதவு வைத்துக்கொள்ளுங்கள், கை தரையோடு தரையாக வரட்டும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றி எல்லாமே தெரியும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. அதனால்தான் எதையும் முகர்ந்து முகர்ந்து பார்க்கிறது.

நான் செய்வது இதுதான். நீளமான கொத்தமல்லித் தண்டு ஒன்றை எடுத்து, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியை உள்ளே நீட்டுவேன். பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஓடட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, நான் பிடித்திருக்கும்போதே நின்று கடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் தினமும் தண்டை ஒரு விரற்கடை குறைத்துக்கொண்டே வரவேண்டும், கடைசியில் உள்ளங்கையில் இலை மட்டும். இதில் பலர் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, சாப்பிட வந்ததும் ஆசையில் தலையைத் தடவிவிடுவார்கள். அதோடு இரண்டு வாரத்து உழைப்பு போயிற்று. கை என்றால் சாப்பாடு வரும், தன்னைப் பிடித்துக்கொள்ள வராது என்று அது நம்பவேண்டும், அந்த நம்பிக்கை உறுதிப்படுகிற வரை தொடாதீர்கள். பிறகு தொடும்போதும் கன்னத்தின் பக்கமாகத் தொடுங்கள், பின்பக்கம் வேண்டாம்.

என் கினி பிக் மடியில் ஆடாமல் அசையாமல் அரைமணி நேரம் இருக்கிறது. என்னைப் பிடித்துவிட்டது, இல்லையா?

உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனால் பெரும்பாலும் இது பயம்தான். ஓட வழியில்லை என்றால் உறைந்துபோவது இவற்றின் இயல்பு. உடம்பு விறைப்பாக, கண் அகல விரிந்து, கொடுத்த கீரையைக்கூடத் தொடாமல் இருந்தால் உடனே கூண்டில் விட்டுவிடுங்கள். நிம்மதியாக இருக்கிற கினி பிக் மடியில் மென்றுகொண்டிருக்கும், நெளியும், பின்னங்காலை நீட்டிப் படுக்கும். மடிக்குப் பதில் தரையில் ஒரு போர்வை விரித்து நீங்களும் உட்காருங்கள், உங்கள் மேல் ஏறுவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யட்டும்.

என் பையனுக்கு ஏழு வயது, தூக்கவேண்டும் என்று அடம் பிடிக்கிறான்.

நின்றுகொண்டு தூக்கவே கூடாது, பையன் மட்டும் இல்லை, நீங்களும்தான். திமிறிக் கீழே விழுந்தால் எலும்பு முறியும், உயிருக்கே ஆபத்து. தரையில் உட்கார்ந்து, ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி. அதைவிட நல்ல வழி, சின்னக் கூடையில் கீரை போட்டு அதுவே உள்ளே நடந்து வரவைத்து, கூடையோடு தூக்குவது. துரத்திப் பிடிக்கிற அவலமே இல்லை. பையனுக்கு நறுக்கிய குடைமிளகாய் கொடுக்கிற வேலையைத் தாருங்கள். நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது, தினமும் சாப்பாட்டில் போகவேண்டும், அதனால் அவன் செய்வது உண்மையிலேயே முக்கியமான வேலை. அதைச் சொல்லிக் கொடுங்கள், பெருமையாகச் செய்வான்.

வந்ததிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை சார், ஒன்றரை நாள் ஆகிறது. பயம்தானே, சரியாகிவிடுமா?

சார் இல்லை, அக்கா. தம்பி, இதற்கு மேல் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். பயந்த பிராணி நம் கண்முன் சாப்பிடாது, ஆனால் விளக்கை அணைத்த பிறகு புல் மெல்லும் சத்தம் கேட்கும், காலையில் புழுக்கை கிடக்கும். புழுக்கையும் இல்லை என்றால் அது பயத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. குடல் ஓயாமல் வேலை செய்யவேண்டிய பிராணி இது, ஒரு நாள் பட்டினியே ஆபத்து. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் எதையும் கொடுத்துவிடாதீர்கள், பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து இது செத்தே போகலாம். இன்னொன்று, தட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்? சிலர் வைக்கோலை வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை என்கிறார்கள். வைக்கோல் படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்கு ஆகாது. உலர்ந்த டிமோதி புல், கிடைக்காவிட்டால் மருந்தடிக்காத அறுகம்புல்லைக் கழுவி எப்போதும் வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் வளர்த்தால் நம்மிடம் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

தப்பு. கூட்டமாக வாழ்கிற பிராணி தனியாக இருந்தால் பயம்தான் கூடும். ஸ்விட்சர்லாந்தில் 2008இலிருந்து கினி பிக்கைத் துணையில்லாமல் வளர்ப்பதையே சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டு இருந்தால் துணிச்சலான ஒன்று முதலில் நம் கையில் சாப்பிடும், அதைப் பார்த்து மற்றது வரும். ஆனால் இரண்டும் ஒரே பாலினமா என்று தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். எனக்கு இரண்டும் பெண் என்று ஒரு கடையில் கொடுத்தார்கள், பத்து வாரத்தில் மூன்று குட்டி! முயலோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒரு உதையில் கினி பிக் அடிபட்டுவிடும்.

பல்லை நறநறவென்று கடிக்கிறது, என்ன அர்த்தம்?

தள்ளிப் போ என்று அர்த்தம். கையை எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தத்துக்கு "வீக் வீக்" என்று கத்தினால் அது நல்ல செய்தி, உங்களை எதிர்பார்க்கிறது. திடீரென்று சோளப்பொரி மாதிரித் துள்ளினால் ஒரே கொண்டாட்டம்.

தீபாவளி வருகிறது, பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்ய?

தெருப்பக்கம் இல்லாத உள்ளறைக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள், அன்றைக்கு மாற்றினால் அது இன்னொரு பயம். ஃபேன் ஓடட்டும், கூண்டின் ஒரு பக்கத்தை மட்டும் போர்வையால் மூடுங்கள், முழுக்க மூடினால் புழுக்கத்தில் தவிக்கும், வெயிலும் வெக்கையும் இதற்குப் பட்டாசைவிட மோசமான எதிரி. நிறையப் புல் போட்டுவையுங்கள். எடுத்து அணைத்துக்கொள்ளத் தோன்றும், வேண்டாம்.

ஆறு மாதம் ஆகிவிட்டது அக்கா. கையில் சாப்பிடுகிறது, கூப்பிட்டால் வருகிறது, தூக்கினால் மட்டும் ஓடுகிறது. நான் எங்கே தப்பு செய்தேன்?

எங்கேயும் இல்லைம்மா. தூக்குவது பல கினி பிக்குகளுக்குக் கடைசி வரை பிடிக்காது. என் மூத்தவளுக்கு இப்போது ஆறு வயது, சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்தால் என் பாதத்தை ஒட்டிக் காலை நீட்டித் தூங்குகிறாள், ஆனால் கை இடுப்புக்கடியில் போன உடனே எழுந்து ஓடிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்க மட்டும் கூடையில் ஏற்றி, சமையலறைத் தராசில் கூடையோடு வைக்கிறேன். இந்த வாரம் 940 கிராம்.