அந்தப் போட்டோ போன வருஷத்துடையது

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், மனிதவளப் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளிக்கு எங்கள் கம்பெனி ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு மெஷின் போட்டுக் கொடுத்தது. இந்த மாதிரி சமூகப் பணிகளுக்கான சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. இந்த முறை நானே போய்ப் பார்த்தேன். மெஷின் ஓடி ஏழு மாதம் ஆகிறது என்றார் தலைமை ஆசிரியை. பிள்ளைகள் பழையபடி போர் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். மேனேஜரோ, போன வருஷத்துப் போட்டோவை வைத்து '112 மாணவர்கள் பயன்பெறுகிறார்கள்' என்று எழுதச் சொல்கிறார். இரண்டு முறை சர்வீஸ் செய்ததாக பில்லும் ஃபைலில் இருக்கிறது. "மெஷின் குடுத்தது உண்மைதானம்மா, ஆடிட்டர் பேப்பரைத்தானே பார்ப்பாரு" என்கிறார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். தம்பியின் கல்லூரிக் கட்டணம் என் சம்பளத்தில் ஓடுகிறது. ஒப்பந்த ஆட்களுக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சிங்கிள் ரேட்தான் போடுகிறோம், அது வேறு விஷயம். இந்த அறிக்கையை எழுதிக் கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதிக் கொடுக்காமல் வேலையிலும் இருப்பது எப்படி என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன்.

நானும் முப்பது வருஷம் தொழிற்சாலைப் பணியாளர் பிரிவில் இருந்தவன். அறிக்கை எழுதுகிறவர் ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து, மெஷினைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். உங்கள் சிக்கலே அதுதான். போகாமல் இருந்திருந்தால் தெரியாமல் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். இனி அப்படிச் சொல்ல முடியாது.

வேறு ஊர்ப் பள்ளியாக இருந்தால், ஒரு மெஷின் ரிப்பேர் என்று தாண்டிப் போயிருப்பேன். இது தர்மபுரி தண்ணீர், ஃப்ளூரைடு உப்பு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல் திறந்தார்களே, அதன் முழுப் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடால் வரும் பல், எலும்புக் கோளாறு) தணிப்பு' என்றும் உண்டு. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் பல்லில் காவிக் கறை, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் கோளாறு. நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாவது ஏறக்குறைய எட்டு வயது வரை. அதாவது, தொடக்கப் பள்ளி வயது. அப்போது ஏறிய கறை பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் போகாது. காய்ச்சிக் குடித்தாலும் ஃப்ளூரைடு குறையாது. தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே உங்கள் அறிக்கையில் அந்த ஏழு மாதம் ஒரு சின்ன விவரம் அல்ல.

மேனேஜர் சொல்வதில் பாதி சரி. மெஷின் கொடுத்தது உண்மை; அந்த வருஷத்துக் கணக்கில் அது முறையாக ஏறியிருக்கும். இந்த வருஷத்து அறிக்கையில் 'பயன்பெறுகிறார்கள்' என்று எழுதுவதுதான் பொய். பில் விஷயம் இன்னும் ஒரு படி மேல். சர்வீஸ்காரர் வராமலே பில் போட்டாரா, வந்து பார்த்துச் சரிசெய்ய முடியாமல் போனாரா, உள்ளே யாருக்காவது பங்கு உண்டா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் யாரையும் திருடன் என்று நினைத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்ட சர்வீஸ் ரிப்போர்ட் எங்கே என்று மட்டும் கேளுங்கள். வேலை நடந்திருந்தால் அந்தத் தாள் இருக்கும்.

மேனேஜருக்கு இருக்கும் பயம் தேவையில்லாதது என்று நினைக்கிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவில், முந்தைய வருஷம் நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடாத தொகையைக் குறித்த காலத்துக்குள் அதற்கான கணக்குக்கோ நிதிக்கோ மாற்றவில்லை என்றால் அபராதம். கொடுத்த மெஷின் பழுதாகிவிட்டது என்று எழுதினால் அந்தப் பிரிவில் எந்தத் தண்டனையும் இல்லை. தெரிந்தே பொய் அறிக்கை தருவதற்குத்தான் அதே சட்டத்தில் 448 என்று தனிப் பிரிவு இருக்கிறது. உண்மையை எழுதினால் ஒன்றும் ஆகாத இடத்தில் இவர் பொய்யைத் தேடிப் போகிறார். இன்னொன்று: பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று நிதித் தலைமை அதிகாரி இயக்குநர் குழுவுக்குச் சான்று தர வேண்டும். உங்கள் தாளை நம்பித்தான் அவர் அங்கே கையெழுத்துப் போடுவார்.

இனி செய்ய வேண்டியது. வாய்ப்பேச்சு வேண்டாம், மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: இன்ன தேதியில் பள்ளிக்குப் போனேன், மெஷின் இயங்கவில்லை, ஏழு மாதமாக இப்படி என்று தலைமை ஆசிரியை சொன்னார், அவர் கையெழுத்துப் போட்ட சர்வீஸ் ரிப்போர்ட் எங்கே இருக்கிறது, சீரமைக்கக் கொட்டேஷன் வாங்கட்டுமா? கோபமோ உபதேசமோ அதில் இருக்கக் கூடாது. கடைசியில் அனுமதி கேட்பதுபோல் முடிவதால் அவருக்கும் இறங்கி வர ஒரு படி கிடைக்கும். அறிக்கையில் 'இயந்திரம் தற்போது பழுது, சீரமைப்பு நடக்கிறது' என்று எழுத அவரே ஒப்புக்கொள்ளக்கூடும். பத்தில் ஆறு மேனேஜர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. அனுபவக் கணக்குதான், புள்ளிவிவரம் இல்லை.

மீதி நான்கு பேரில் ஒருவராக அவர் இருந்தால், "அந்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் பார்த்ததை மட்டும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தாலோ, வங்கிக் கடன் 50 கோடியைத் தாண்டியிருந்தாலோ, முறைகேட்டைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்பதும், சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் சட்டம். வேலையில் சேர்ந்தபோது தந்த கையேட்டில் 'விசில்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள்; முறைகேட்டைச் சொல்பவரை 'விசில் ப்ளோயர்' என்பார்கள். ஆனால் அது கடைசிப் படி. அந்த வழியில் போனவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள் என்று நான் சொன்னால் அது பொய்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் என்கிறீர்கள். நன்றி இருக்க வேண்டியதுதான். அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், மொய் வையுங்கள். கையெழுத்தை மொய்யாக வைக்காதீர்கள். நான் வைத்தேன். பாதுகாப்புப் பயிற்சி நடக்காமலே, நடந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார் எனக்கு வேண்டிய ஒரு பெரியவர். போட்டேன். சில மாதம் கழித்து பிரஸ் மெஷினில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போனது. விசாரணையில் அந்தப் பதிவேட்டை எடுத்து வைத்து, "பயிற்சி பெற்ற ஆள், அவன் கவனக்குறைவு" என்றார்கள். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பயிற்சி நடக்கவில்லை என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இதை அச்சில் இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

ஓ.டி. பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், வேறு விஷயம் என்று. எனக்கு அது வேறாகத் தெரியவில்லை. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது மாறவில்லை. ஒப்பந்த ஆள் என்பதால் ஒற்றையாகிவிடாது. பாலக்கோட்டுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் அப்பாவே உங்கள் கம்பெனியில் ஒப்பந்த ஆளாக இருக்கலாம். அவர் ஓ.டி. சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு அவர் பிள்ளைக்கு ஓடாத மெஷின் கொடுத்தால், அதற்குப் பெயர் சமூகப் பொறுப்பா? ஆனால் இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் போடாதீர்கள். முதலில் தண்ணீர். ஓ.டி. பற்றித் தனியாக எழுதுங்கள், அதற்கு வேறு பதில் தருகிறேன்.

மெஷினைச் சரிசெய்ய ஒப்புதல் கிடைத்தால் மறக்கக் கூடாத மூன்று உண்டு. ஒன்று, கழிவு நீர். ஆர்.ஓ. வடித்துத் தள்ளும் தண்ணீரில் ஃப்ளூரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதைச் சத்துணவுக் கூடத்துக்கோ, போர் பக்கத்துக் குழிக்கோ விட்டுவிடாமல் கழிப்பறைக்குத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு, பராமரிப்பு. வடிகட்டும் மெம்பிரேன் மாற்ற, சர்வீஸ் செய்ய இத்தனை ரூபாய் என்று அடுத்த மூன்று வருஷத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். ரிப்பன் வெட்டின அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது. மூன்று, சோதனை. சர்வீஸ்காரர் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைத்தான் காட்டும், ஃப்ளூரைடு அளவைச் சொல்லாது. மெஷின் தண்ணீரில் ஒரு பாட்டில், போர் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். தேதியையும் எந்தக் குழாய் என்பதையும் மேலே எழுதி ஒட்டுங்கள். அந்த முடிவுத்தாள் வந்த பிறகு புதுப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.