வாகனம்: வாசகர் கேள்வி பதில் – மலை இறக்கத்தில் பாரமான ட்ரெயிலர்

கேள்வி: பழைய கோஸ்டர் பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கைகளும் சமையல் மேடையும் அமைத்து, உல்லாசப் பயணிகளை முகாமிட அழைத்துச் செல்லும் வண்டியாக மாற்றியிருக்கிறேன். ஜெனரேட்டர், 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூடாரங்கள், எரிவாயு சிலிண்டர்கள் ஆகியவற்றை ஏற்றுவதற்கு இரண்டு சக்கர ட்ரெயிலர் ஒன்றைப் பட்டறையில் செய்வித்தேன். எல்லாம் ஏற்றினால் ஒன்றரைத் தொன் வரும். ட்ரெயிலருக்குப் பிரேக் இல்லை. நானுஓயா ஏற்றத்தில் இழுத்துப் பார்த்தோம். பஸ் சிரமமின்றி ஏறியது. “கொழுந்து ஏற்றும் டிராக்டர்கள் ஓடவில்லையா, பயப்படாமல் ஓட்டுங்கள்” என்கிறார் கராஜ் பாஸ். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறக்கலாமா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: இப்போதுள்ள நிலையில் இறக்கக் கூடாது. ஏற்றத்தில் இழுத்துப் பார்த்தது எஞ்சினுக்கு வைத்த சோதனை மட்டுமே. ஏற்றத்தில் பலம் போதாவிட்டால் வண்டி மெதுவாகும், மிஞ்சினால் நின்றுவிடும். இறக்கத்தில் பலம் போதாவிட்டால் வண்டி நிற்காது. ஆகவே உங்கள் பஸ் எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதை விட, எவ்வளவு பாரத்தைப் பிடித்து நிறுத்தும் என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. கம்பளை ஏறக்குறைய 500 மீற்றர். ஆட்களோடும் சாமான்களோடும் பஸ் 5 தொன், ட்ரெயிலர் 1.5 தொன் என்று வைத்துக்கொண்டால், 1,300 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 250 லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றின் எதிர்ப்பும் டயர்களின் உராய்வும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். ட்ரெயிலருக்குச் சொந்தப் பிரேக் இல்லாதபோது அதன் பங்கும் பஸ்ஸின் பிரேக் மீதே விழுகிறது. வெப்பம் அளவை மீறினால் பிரேக் லைனிங்கின் பிடிப்புக் குறைகிறது. அத்துடன் பிரேக் எண்ணெயும் கொதிக்கக்கூடும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. வருடத்தில் பாதி நாள் மழையும் பனியுமாக இருக்கும் நம் பகுதியில், எண்ணெயை இரண்டு வருடத்திற்கு ஒரு முறையாவது மாற்றாமல் மலை இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் தரையைத் தொடும், வண்டி தன் போக்கில் போகும்.

பாஸ் சொன்ன டிராக்டர் உதாரணம் இங்கே பொருந்தாது. டிராக்டர் மிகத் தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்வதற்கென்றே செய்யப்பட்டது. பெரும்பாலும் தோட்டத்திற்குள்ளேயே ஓடுவது. அந்தப் பழக்கத்தை எடுத்து, பிரதான வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் பஸ்ஸின் பின்னால் கொழுவக் கூடாது.

ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத ட்ரெயிலரின் மொத்த நிறை 750 கிலோவைத் தாண்ட அனுமதியில்லை. உங்களுடையது அதைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே முதல் வேலை, ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டுவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்வண்டி வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்குவது. இது எளியது, ஆனால் எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தி நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது ட்ரெயிலர் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், அதன் பிரேக்கும் இடைவிடாமல் உரசிச் சூடேறும். மற்றது மின் பிரேக். சாரதி தன் இருக்கையிலிருந்தே அதன் அளவைக் கூட்டிக் குறைக்கலாம், ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் தனியாகவும் பிடிக்கலாம். செலவு கூடினாலும் நம் மலைப்பாதைக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். எதைப் பூட்டினாலும், ட்ரெயிலர் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் கம்பியும், கொழுவும் இடத்தின் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும் இரண்டு சங்கிலிகளும் இருக்க வேண்டும். குறுக்காகப் போடுவதற்குக் காரணம், இணைப்பு விட்டுப்போனாலும், ட்ரெயிலரின் முன்னே நீண்டிருக்கும் இழுவைத் தண்டு வீதியில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் மேல் தங்குவதற்காகத்தான்.

அடுத்தது, ஒரு சதம் செலவில்லாத வழி. 500 லீற்றர் தண்ணீர் என்றால் 500 கிலோ. மலைநாட்டில் தண்ணீரைச் சுமந்துகொண்டு மலை இறங்குவானேன்? தாங்கியை வெறுமையாகக் கொண்டுபோய், முகாமிடும் இடத்தில் நிரப்புங்கள்; பாரம் ஒரு தொன்னாகக் குறையும். பாதி நிரம்பிய தாங்கி எல்லாவற்றிலும் மோசமானது. ஒவ்வொரு முடக்கிலும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி ட்ரெயிலரைச் சாய்க்கப் பார்க்கும்.

வீடு போல வசதிகள் அமைந்த மோட்டார் ஹோம் வண்டிகளிலும், உங்களுடையதைப் போல மாற்றியமைத்த பஸ்களிலும் பின் அச்சுக்கு அப்பால் உடல் நீண்டிருப்பதால், கொழுவும் இடம் அச்சிலிருந்து வெகு தூரத்தில் அமைகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீற்றரும், பின் அச்சிலிருந்து கொழுவும் இடத்திற்கு 2 மீற்றரும் இருந்து, இழுவைத் தண்டின் முனை 150 கிலோ பாரத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால், பின் அச்சின் மீது 150 அல்ல, 225 கிலோ கூடுகிறது. மேலதிகமான அந்த 75 கிலோ முன் அச்சிலிருந்து பறிக்கப்படுகிறது. ஸ்டியரிங் கேட்பதும், பிரேக்கின் பெரும் பங்கு வேலை செய்வதும் முன் சக்கரங்களில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பாதகம் விளங்கும். எனவே பின்னால் இருக்கும் பெட்டிகளிலும் தட்டுகளிலும் உள்ள பாரமான சாமான்களை முன்னே கொண்டுவாருங்கள். ட்ரெயிலரைக் கொழுவும் உருண்டையான இரும்புக் குமிழ் பம்பரில் ஒட்டவைக்கப்பட்டிருந்தால் உடனே கழற்றிவிட்டு, செசியின் இரண்டு நீள் சட்டங்களிலும் போல்ட்டுகளால் இறுக்கிய குறுக்குச் சட்டத்தில் பூட்டுவியுங்கள். பஸ்ஸின் கையேட்டில் இழுக்கக்கூடிய பாரம் எவ்வளவு என்று எழுதியிருந்தால் அதுவே உச்ச எல்லை. குமிழ், இணைப்பு, டயர் ஆகியவற்றில் எது அதைவிடக் குறைந்த அளவைத் தாங்குமோ, அந்த அளவோடு நின்றுகொள்ளுங்கள். ட்ரெயிலரை இழுக்க வேண்டாம் என்று கையேடு சொன்னால், அந்தப் பஸ்ஸில் குமிழ் பூட்டுவதை விட்டுவிட்டு, சாமான்களுக்குத் தனியே சிறிய லொறி ஒன்றை அமர்த்துவது நல்லது.

இவ்வளவையும் செய்த பிறகு இறங்கும் முறை. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, சமதரையில் நின்று கியரைக் குறையுங்கள். அதே மலையை ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதுவோ, அதற்கும் தாழ்ந்ததோ சரி. பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்க முயன்று, அது விழாமல் நியூட்ரலில் சிக்கிக்கொண்டவர்கள் பலர். புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கால் பிரேக்கை மெல்ல மிதித்தபடியே இறங்காமல், பாதுகாப்பான வேகம் என்று நீங்கள் தீர்மானித்த எல்லையைத் தொட்டதும் உறுதியாக மிதித்து, அந்த எல்லையிலிருந்து மணிக்கு 8 கிலோமீற்றரால் வேகத்தைக் குறைத்து, முழுமையாக விட்டுவிடுங்கள். மறுபடியும் எல்லையைத் தொட்டால் மறுபடியும் அவ்வாறே. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளவிடும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. ட்ரெயிலரோடு அதைச் செய்வது தற்கொலைக்கு ஒப்பானது. லபுக்கலையிலோ றம்பொடையிலோ நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், வெக்கையைப் பாருங்கள். கருகிய மணம் வந்தால் ஆறும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் டிரம்மில் வெடிப்பு விழக்கூடும்.

கேள்வி: என் மகன் கனடாவில் இருக்கிறார். மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஏற்றிய மூடிய ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குக் குடும்பத்தோடு போனார். ஓர் இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று முந்திச் சென்றபோது ட்ரெயிலர் பாம்பு போல நெளியத் தொடங்கியதாம். பிரேக்கை மிதித்ததும் இன்னும் மோசமாகிவிட்டது என்கிறார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.
– பண்டாரவளை வாசகி

பதில்: லொறி கிளப்பிய காற்று ஆட்டத்தைத் தொடக்கிவைத்தது; ஆனால் மூலகாரணம் பெரும்பாலும் பாரம் ஏற்றிய விதத்தில் இருக்கும், அம்மா. ட்ரெயிலரின் பின்பகுதி கனத்தால் இழுவைத் தண்டின் முனை இலேசாகிவிடுகிறது. அப்படிப்பட்ட ட்ரெயிலர் சிறு தட்டலுக்கும் ஊசலாடும். வட அமெரிக்காவில், ட்ரெயிலரின் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் வரை முனையில் அழுத்த வேண்டும் என்பது பொது விதி. மோட்டார் சைக்கிள்களை ஏற்றுகிறவர்கள் வசதிக்காகக் கதவோரத்திலேயே நிறுத்திக் கட்டிவிடுவதுண்டு. மகன் எங்கே நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். பாரத்தில் ஏறக்குறைய 60 வீதம் அச்சுக்கு முன்னே இருக்க வேண்டும்.

முனையின் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மீதும், மறு முனையைக் குளியலறைத் தராசின் மீதும் மட்டமாக வைத்து, செங்கல்லிலிருந்து ஓர் அடியும் தராசிலிருந்து இரண்டு அடியும் தள்ளிய இடத்தில் ட்ரெயிலரின் முனையை இறக்கினால், தராசு பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் முன்வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் முன்வண்டி தடைப்பட, பின்னாலிருக்கும் பாரம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். மகனுக்கு நேர்ந்தது அதுதான். ஆட்டத்தைத் திருத்துகிறேன் என்று ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்புவதும், வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்தப் பார்ப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானவை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எக்ஸலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, மின் பிரேக் இருந்தால் ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க வேண்டும். அது பின்னாலிருந்து இழுத்து வண்டியை நேராக்கிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1,400 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். மகனுடையது அதற்குக் குறைவாக இருந்தாலும், அந்த மலைகளுக்குப் போகிறவர் பூட்டிக்கொள்வதே புத்தி. நம் வீதிகளைப் போலன்றி அங்கே வேகம் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். ஊசலாட்டம் வேகத்தோடு வளர்வது.

கேள்வி: ட்ரெயிலருக்குத் தனியாகப் பதிவு வேண்டுமா? என்னிடம் உள்ள சாதாரண அனுமதிப்பத்திரம் போதுமா?
– வெலிமடை வாசகர்

பதில்: பதிவு வேண்டும். முன்வண்டியின் இலக்கம் ட்ரெயிலருக்குச் செல்லாது. லொறியோடு பாரமான ட்ரெயிலரைச் சேர்த்து ஓட்டுவதற்கு ‘சிஈ’ என்ற தனி வகை அனுமதி இருக்கிறது. கார் ஓட்டும் ‘பி’ வகையோடு அதைச் செய்ய முடியாது. வண்டியின் நிறையையும் ட்ரெயிலரின் வெறும் நிறையையும் எழுதி எடுத்துக்கொண்டு, மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் உறுதி பெறுங்கள்.

கேள்வி: தோட்டத்துப் பாதையில் எதிரே லொறி வந்தால் ட்ரெயிலரோடு பின்னால் எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. வழி உண்டா?
– அப்புத்தளை வாசகர்

பதில்: ஸ்டியரிங்கின் மேற்பகுதியை விட்டுவிட்டு, அதன் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெயிலரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமாகக் கையை நகர்த்துங்கள், குழப்பம் நீங்கும். சிறிது சிறிதாகவே திருப்புங்கள். ட்ரெயிலர் அளவுக்கு மீறி மடங்கினால் முன்னே எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். தள்ளு விசையால் இயங்கும் பிரேக் பூட்டியிருந்தால், பின்னால் எடுக்கும்போது அது பிடித்துக்கொள்ளக்கூடும். தானாக விடுபடும் அமைப்பு இல்லாத பழைய வகையில், இறங்கிச் சென்று இணைப்பில் உள்ள தடுப்பைப் போட வேண்டியிருக்கும். பள்ளத்தின் பக்கம் ஒருவரை இறக்கி நிறுத்தி, சாரதியின் கண்ணாடியில் அவர் தெரியும்படி வழிகாட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் அவர் மறைந்துவிட்டால், வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.