ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாமாம்!

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் குழுவின் சிறந்த பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தித் தருவீர்களா? பஸ்ஸில் அலுவலகம் போகும்போது கேட்க வேண்டும். எனவே ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்டவை வேண்டாம். அதிகம் விற்ற 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'தான் அவர்களுடைய சிறந்த ஆல்பம் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. பட்டியலும் தருவதாக இல்லை. பந்தியில் உட்கார வைத்தால் ஊறுகாயை மட்டும் பொட்டலம் கட்டித் தரச் சொல்கிறீர்களே!

இந்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பாட்டுப் பாட்டாகப் பிய்த்துக் கேட்கிற குழு அல்ல. அவர்கள் மனத்தில் இருந்த அளவு இசைத்தட்டின் ஒரு பக்கம், அதாவது ஏறக்குறைய 20 நிமிடம். 1971இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. 23 நிமிடத்துக்கும் மேல். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒற்றைச் சுரத்தைத் தட்டுகிறார். சுழலும் ஒலிபெருக்கி வழியாக அது கடலுக்கு அடியிலிருந்து வருவதுபோல் 'டிங்' என்கிறது. மௌனம். மறுபடியும் அதே 'டிங்'. நீங்கள் அனுமதித்த ஐந்து நிமிடம் முடியும்போது, பாட்டு அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்திருக்கும்.

விற்பனையைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். 1973 மார்ச்சில் வெளியான அந்த ஆல்பம், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இருந்தது உண்மை. ஆனால் விற்பனையை வைத்து இசைக்கு மதிப்பெண் போடுவதானால் இந்தப் பக்கத்துக்கு ஆசிரியர் எதற்கு, ஒரு கணக்குப்பிள்ளை போதுமே.

அந்த ஆல்பமும் உங்கள் கட்சியில் இல்லை, என் கட்சியில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தின் கடைசியில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. சாவைப் பற்றியது. பாடல் வரிகளே கிடையாது. கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு அழைத்து, சொற்கள் இல்லாமல் பாடச் சொன்னார்கள். அவர் அலறி, கெஞ்சி, அடங்கிப் பாடிவிட்டு, இதை எங்கே பயன்படுத்தப்போகிறார்கள் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனார். கூலி 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசம் ஆகி, அதன் பிறகுதான் இசையமைத்தவர்கள் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் குரல் ஓய்ந்ததும் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் முதல் சத்தம், நாணயங்கள் குலுங்குவதும் கல்லாப்பெட்டி திறப்பதும்: 'மணி' (Money) பாட்டு. சாவுக்கு அடுத்து காசு. எழுந்துபோய்த் தட்டைத் திருப்புகிற அந்த இடைவெளியும் இசையில் சேர்த்திதான். 'மணி'யை மட்டும் பிய்த்தெடுத்துக் கேட்டால் காசுச் சத்தம்தான் மிஞ்சும். (அதில் ஏழு ஏழாக எண்ணிப் பாருங்கள். மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்குச் சிரமம் இருக்காது. கிட்டார் தனியாக வாசிக்க வரும்போது மட்டும் கணக்கு நாலுக்கு மாறும்.)

'தி வால்'தான் சிறந்தது என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்வார்கள். 1979இல் வந்த இரட்டைத் தட்டு, 26 பாடல்கள். பாதியை வெட்டியிருந்தால் நானும் சேர்ந்து புகழ்ந்திருப்பேன். 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டின் முடிவில் டேவிட் கில்மோர் வாசிக்கிற கிட்டாரை வெட்ட மட்டும் யாரையும் விடமாட்டேன். பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற அந்தப் புகழ்பெற்ற பாட்டு, 'அனதர் பிரிக் இன் தி வால்' என்பதன் மூன்று பகுதிகளில் நடுப்பகுதி. மற்ற இரண்டையும் கேட்டிருக்கிறீர்களா?

என் தராசில் 'தி வா'லை விட 1977இன் 'அனிமல்ஸ்' கனமானது. அட்டைப்படத்துக்காக லண்டன் பாட்டர்சி மின்நிலையத்துக்கு மேலே கட்டிவிட்ட பன்றி பலூன் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து, கென்ட் பக்கம் போய் இறங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். தட்டைக் கேட்டவர்கள் அத்தனை பேர் இல்லை. 'டாக்ஸ்' 17 நிமிடம். கூட இருப்பவனின் முதுகில் குத்தியே முன்னேறியவன் கடைசியில் கல்லின் பாரத்தோடு மூழ்குகிறான். 'கல்' என்ற அந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒலித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கி, சொல்லா வெறும் சத்தமா என்று தெரியாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஆல்பத்தில் எழுதியவர்கள் பெயரில் ரைட் ஒரு பாட்டிலும் இல்லை. ஆனால் 'ஷீப்' தொடங்கும்போது ஆடுகள் கத்த, அவர் எலக்ட்ரிக் பியானோவில் தனியாக வாசிப்பதைக் கேளுங்கள்.

சின்னப் பாட்டுதான் வேண்டுமென்றால் 1967க்குப் போங்கள். 'சீ எமிலி பிளே' மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுதியவர் சிட் பாரெட், குழுவின் முதல் தலைவர். மறு ஆண்டே மனநிலை குலைந்து குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அவரை நினைத்து மற்றவர்கள் செய்ததுதான் 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்'. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், முதலிடம் அதற்குத்தான். 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' ஒன்பது பகுதிகள். இரண்டாகப் பிரித்துத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருக்கிறார்கள். கில்மோரின் கிட்டாரில் நான்கே சுரங்கள், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல். பாஸ் கிட்டார் வாசிக்கும் ரோஜர் வாட்டர்ஸின் குரல் வருவதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 1975 ஜூன் 5 அன்று, ஆபி ரோடு ஸ்டூடியோவில் அந்த ஆல்பத்தின் வேலை நடக்கும்போது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ ஊழியர் என்று நினைத்தார்கள். பாரெட் என்று புரிய வெகு நேரம் ஆயிற்று.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டு பக்கத்து அறை வானொலியில் கேட்பதுபோல் சன்னமாகத் தொடங்கும். வானொலி கிட்டாரோடு சேர்ந்து வாசிக்க இன்னொரு கிட்டார் நம் அருகிலேயே உட்காரும். உங்கள் பஸ்ஸுக்கு இதை மட்டும் சிபாரிசு செய்யலாம். என்ன, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே போகும். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வாருங்கள்.