பாயற எருமையும் பீப் சைட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆப்பிரிக்க வேட்டை ரைபிள்கள் பத்தின கட்டுரையில பாயற எருமைக்கு பீப் சைட் (துப்பாக்கியோட பின்பக்க ஓட்டை வழியா பார்த்து குறி வைக்கற அமைப்பு) நல்லதுன்னு ஒரே ஒரு வரி வந்துச்சு, இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதி அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்திருக்கு. அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்கல.

கேள்வி: நான் ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். ஆரம்பத்துல .303 ரைபிள், அப்புறம் எஸ்.எல்.ஆர்னு தானா அடுத்த குண்டு ஏறற ராணுவ ரைபிள். எஸ்.எல்.ஆர்ல பின்னாடி சின்ன ஓட்டை, அதுல கண்ணை வச்சு டார்கெட்டைத் தேடிப் பிடிக்கவே நேரம் ஆகும். பாஞ்சு வர்ற எருமை முன்னாடி நின்னுக்கிட்டு அந்த ஓட்டையில எவன் சார் தேடுவான்? (வேலூர் வாசகர்)

சார், நியாயமான கேள்வி. ராணுவத்துல ஓட்டை சைட் பார்த்தவங்க எல்லாருமே இதைத்தான் முதல்ல கேக்கறாங்க. ஆனா நீங்க பார்த்த ஓட்டை 200 மீட்டர்ல இருந்து 600 மீட்டர் வரைக்கும் மனுஷன் உயரத்துக்கு குறி வைக்கறதுக்காக செஞ்சது, அதனால சின்னதா இருந்துச்சு. எருமைக்கும் யானைக்கும் போடறது வேற சாதி. ஓட்டை பெருசு, அஞ்சு மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், சுத்தி இருக்கற விளிம்பு ரொம்ப மெல்லிசு. கண்ணை வச்சா அந்த வளையம் புகை மாதிரி மங்கலாகி கிட்டத்தட்ட மறைஞ்சிடும், அதனாலதான் கோஸ்ட் ரிங், பேய் வளையம்னு பேரு. அமெரிக்காவுல ஜெஃப் கூப்பர்னு ஒரு முன்னாள் மரைன் அதிகாரி, அரிசோனாவுல 1976-ல துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சவர், அவர்தான் இதை ஊர் ஊரா பேசி எழுதி பிரபலம் பண்ணினார்.

இதுல தேடற வேலையே இல்ல சார், அதுதான் விஷயம். வட்டத்துக்கு நடுவுல எது இருக்குன்னு நம்ம கண்ணு தானா கண்டுபிடிச்சுக்கும், சொல்லிக் கொடுக்க வேண்டாம். நீங்க வளையத்தைப் பார்க்கவே கூடாது. குழல் நுனியில இருக்கற சின்ன முன் குறியை, அதாவது பீடைப் பாருங்க, அதை மிருகத்து மேல வைங்க, ட்ரிகரை அழுத்துங்க, அவ்வளவுதான். வளையத்தை நடுவுல வைக்கணும் வைக்கணும்னு யோசிக்கறவன்தான் லேட் ஆவான்.

.303-ல இருந்தது யூ வடிவ வெட்டு, குழல் மேல, கண்ணுல இருந்து தூரமா. அதுல பின் வெட்டு, முன் குச்சி, இலக்கு, மூணையும் ஒரே கோட்டுல கொண்டு வரணும், கண்ணு மூணையும் ஒரே நேரத்துல தெளிவா காட்டாது. அவசரத்துல ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா முன் குச்சியை வெட்டுக்குள்ள முழுசா இறக்காம மேல தூக்கி வச்சே சுட்டுடுவாங்க, குண்டு எருமை முதுகுக்கு மேல போயிடும். பாயற மிருகத்துக்கிட்ட மேல போற தப்பு ரொம்ப சகஜம், வளையத்துல அது குறையும். சரியான மட்டத்துல வைக்கலன்னா பீட் வளையத்துல தெரியாமலே போயிடும், அது ஒரு எச்சரிக்கை மாதிரி.

இன்னொன்னு, ரெண்டு சைட்டுக்கும் நடுவுல உள்ள தூரம். உங்க பழைய .303 இஷாப்பூர் ரைபிள்ல அது 19 இன்ச் சொச்சம், அதே லீ என்ஃபீல்டு குடும்பத்துல நம்பர் 4-னு ரெண்டாம் உலகப்போர் மாடல்ல சைட்டைப் பின்னாடி தள்ளி ஓட்டையா மாத்தினதும் 28 இன்ச்சுக்கு மேல ஆயிடுச்சு. தூரம் கூடினா நம்ம கை பண்ற சின்னத் தப்பு குண்டுல சின்னதாவே நிக்கும்.

நேரக் கணக்கும் சொல்லிடறேன். கேப் எருமை, அதாவது ஆப்பிரிக்கக் காட்டெருமை, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும், 30 மீட்டர்ல இருந்து கிளம்பினா உங்ககிட்ட சுமார் ரெண்டு செகண்டு இருக்கு. ஒரு குண்டு, ரொம்ப கைப்பழக்கம் இருந்தா ரெண்டு. அந்த ரெண்டு செகண்டுல எந்த சைட்டும் புதுசா ஒண்ணும் சொல்லித்தராது, ரைபிளைத் தோளுக்குக் கொண்டு வந்த உடனே பீட் கண்ணு முன்னாடி நிக்கணும். அது துப்பாக்கிக் கட்டை உங்க உடம்புக்குப் பொருந்தறதைப் பொறுத்தது. கண்ணை மூடிக்கிட்டு ரைபிளைத் தோளுக்கு ஏத்துங்க, கண்ணைத் திறங்க, வளையத்துக்குள்ள பீட் தெரிஞ்சா ரைபிள் உங்களோடது. கழுத்தை நீட்டித் தேட வேண்டி இருந்தா தப்பு கட்டை மேலதான், சைட்டை மாத்தி பிரயோஜனம் இல்ல.

கேள்வி: அண்ணே, நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருக்கேன், வயசு 56, கண்ணாடி போட்டிருக்கேன். .375 ஹெச் அண்ட் ஹெச் ரைபிள், ஸ்கோப் போட்டிருக்கு. லிம்போபோ பக்கம் எருமை வேட்டைக்கு பெர்மிட் எல்லாம் ரெடி. கூட வர்ற வேட்டை வழிகாட்டி ஸ்கோப்பைக் கழட்டியும் சுடத் தெரியணும்ங்கறார். குழல் மேல வி வடிவ வெட்டோட இருக்கற வி சைட் எனக்கு வெறும் மூட்டமாத்தான் தெரியுது. பீப் சைட் போட்டா சரியாகுமா? (டர்பன் வாசகர்)

ஆகும் தம்பி, உங்க வயசுக்காரங்களுக்குத்தான் இது ரொம்ப உதவும். நாப்பது தாண்டினா கண்ணு லென்ஸ் இறுகிப் போய் கிட்டத்துல இருக்கறது மங்கும், அதனால வி சைட் முதல்ல கலங்கும். பீப் சைட்ல பின்னாடி இருக்கறதைத் தெளிவா பார்க்க வேண்டிய அவசியமே இல்லாததால பிரச்சினையில ஒரு பங்கு தானா கழண்டுடும். இதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. ஓட்டை சின்னதா இருந்தா பீடும் இலக்கும் ரெண்டும் கூர்மையா தெரியும், ஆனா வெளிச்சம் குறையும். ஓட்டை உங்க கண் பாப்பாவை விட பெருசா போயிட்டா அந்தக் கூர்மை கிடைக்காது, பதிலுக்கு வேகமும் வெளிச்சமும் கிடைக்கும். ரேஞ்சுல பகல் வெளிச்சத்துல சின்ன ஓட்டை போட்டு சுட்டுட்டு ஆகா என்ன துல்லியம்னு அதையே மாட்டிக்கிட்டு காட்டுக்குப் போறவங்க இருக்காங்க, சாயங்காலம் முள்ளு மரத்து நிழல்ல எருமை நிக்கறப்போ அந்த ஓட்டைக்குள்ள இருட்டுதான் தெரியும். நிறைய பீப் சைட்ல உள் வளையம் திருகிக் கழட்டற மாதிரி வரும், அதைக் கழட்டிடுங்க, மிச்சம் இருக்கற பெரிய ஓட்டையே எருமைக்குப் போதும்.

கண்ணாடி விஷயத்துக்கு கண் டாக்டர்கிட்ட போய், கண்ணுல இருந்து சுமார் மூணு அடியில ஒரு பொருள் தெளிவா தெரியணும்னு கேட்டு அந்த பவர்ல ஒரு ஜோடி வாங்கிடுங்க. பீட் அங்கதான் இருக்கு. ப்ரொக்ரெசிவ் லென்ஸ் வேண்டாம், தலையை ஆட்டி ஆட்டி தெளிவான இடத்தைத் தேட வேண்டி வரும்.

சைட் மாத்தினதும் குண்டு எங்க போகுதுன்னு செட் பண்ணணும், இங்கதான் நிறைய பேர் முழிக்கறாங்க. வளையம் ரைபிளோட பின் பாலத்து மேல, அதாவது போல்ட் ஓடற உலோகப் பகுதியோட பின்பக்கத்து மேல உட்காரும், அது குழலை விட உயரம், அதனால பழைய முன் பீட் பத்தாது, உயரமானது வாங்கணும். கணக்கு சுலபம். குண்டு எவ்வளவு தள்ளிப் போகுதோ அதை ரெண்டு சைட்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தால பெருக்கி, சுடற தூரத்தால வகுக்கணும். சைட் தூரம் 660 மில்லிமீட்டர், 50 மீட்டர்ல குண்டு 100 மில்லிமீட்டர் கீழ போகுதுன்னு வைங்க, 1.32 மில்லிமீட்டர் மாத்தினா சரியாயிடும். பின் வளையத்தை குண்டு போக வேண்டிய பக்கம் நகத்தணும், முன் பீடுன்னா அதுக்கு எதிர் பக்கம், கீழ போனா முன் பீடை அராவிக் குறைக்கணும். அராவினது திரும்ப வளராது, கொஞ்சம் கொஞ்சமா பண்ணுங்க. நான்னா 50 மீட்டர்ல நேரா செட் பண்ணிட்டு மறந்துடுவேன், .375 குண்டு 300 கிரெயின் எடையில செகண்டுக்கு 2500 அடி வேகத்துல கிளம்பறது, 100 மீட்டருக்குள்ள மேல கீழ பார்க்க வேண்டியதே இல்ல.

ஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கைப்பிடி திருகி உடனே கழட்டற மவுண்ட் போட்டு, முதல் குண்டை ஸ்கோப்ல நிதானமா வைங்க, காயம்பட்ட எருமை புதருக்குள்ள போயிட்டா ஸ்கோப்பைக் கழட்டி வளையத்தோட போங்க. ரெண்டும் வேற வேற வேலை. கட்டை மட்டும் ஒரு தலைவலி, ஸ்கோப்புக்குன்னு கன்னம் வைக்கற இடத்தை உயர்த்தி செஞ்சிருப்பாங்க, அதுல வளையம் உங்க கண்ணுக்குக் கீழ போயிடும். வாங்கறதுக்கு முன்னாடி அந்த கண்ணை மூடித் திறக்கற சோதனையைப் பண்ணிப் பாருங்க.

கேள்வி: ஜிம் கார்பெட் துரை இந்த பீப் சைட் எல்லாம் இல்லாமலே ஆட்கொல்லிகளை சுட்டாரே? (மதுரை வாசகர்)

சுட்டார், சந்தேகமே இல்ல. சம்பாவத் புலியை சுட்டதுக்காக 1907-ல பரிசா கிடைச்ச .275 ரிக்பி ரைபிளால 1926-ல ருத்ரபிரயாக் சிறுத்தையை ராத்திரியில, டார்ச் வெளிச்சத்துல முடிச்சார். அந்த மாதிரி இருட்டுல வளையமும் சரி வி வெட்டும் சரி, பெருசா வித்தியாசம் இல்ல, வெளிச்சத்துல மிருகம் தெரிஞ்ச அந்த நொடியில கை தானா போகணும். கார்பெட்டுக்குப் போச்சு, ஏன்னா சின்ன வயசுல இருந்து காட்டுலயே கிடந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை ப்ளைட் பிடிச்சுப் போற ஆளை அவரோட ஒப்பிட்டா எப்படி. பழைய இங்கிலீஷ் ரைபிள் கம்பெனிகள் வி சைட்டை விடாததுக்கு பழக்கமும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன், ரெட்டைக் குழல் ரைபிளை ஷாட்கன் மாதிரி தூக்கி நீட்டிச் சுட்டே வளர்ந்தவங்க அவங்க. அவங்களுக்கு அது சரியா வந்துச்சு. அதுக்காக எல்லாருக்கும் அதுதான் நல்லதுன்னு ஆயிடாது.

கேள்வி: கனடாவுல வடக்குப் பக்கம் பனிக்கரடிக்கு பழைய மிலிட்டரி ரைபிள்தான் வச்சிருப்பாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா? (டொராண்டோ வாசகர்)

நிஜம்தான். 1947-ல ஆரம்பிச்ச கனடியன் ரேஞ்சர்ஸ், அதுல நிறைய பேர் இனுயிட் மக்கள், மேல சொன்ன அதே லீ என்ஃபீல்டு நம்பர் 4-ஐ பல பத்து வருஷம் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. 2018 வாக்குலதான் ஃபின்லாந்து டிக்கா டிசைன்ல கனடாவுலயே செய்யற சி19-ங்கற .308 ரைபிள் கைக்கு வர ஆரம்பிச்சது, கவனிங்க, புதுசுலயும் ஓட்டை சைட்தான். வடகிழக்கு கிரீன்லாந்துல நாய் வண்டியில ரோந்து போற டென்மார்க்கோட சிரியஸ் படை இன்னும் பழசு, முதல் உலகப்போர் காலத்து எம்1917 என்ஃபீல்டு, அதுலயும் ரெண்டு பக்கமும் இரும்புக் காது வச்ச ஓட்டை சைட். அந்தக் குளிர்ல பேட்டரி செத்துடும், ஸ்கோப் கண்ணாடியில மூச்சுப் பட்டாலே பனி படியும், கம்பளிக் கையுறையோட எந்த நாபையும் திருக முடியாது. இரும்பு வளையத்துக்கு இந்தக் கவலை எதுவும் இல்ல. ஓட்டைக்குள்ள பனி அடைச்சா மட்டும் விரலால தள்ளிட்டா போதும். சின்ன ஓட்டையில மழைத்துளி நின்னு படுத்தறதும் உண்டு, பெருசுல அது குறைவு.

கேள்வி: என்கிட்ட ஏர் ரைபிள் இருக்கு. பீப் சைட் மாட்டி எங்க தோட்டத்துக்கு வர்ற பன்றியை சுடலாமா? (கோயம்புத்தூர் மாணவர்)

கூடாது தம்பி. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம நாட்டுல வேட்டை குத்தம், பன்றி தொல்லைக்கு வனத்துறைக்கிட்டதான் போகணும், ஏர் ரைபிள்ல பன்றியை சுட்டா அது சாகாம காயத்தோட சுத்தும், அது அதை விடக் கொடுமை. சைட் ஆர்வம்னா 10 மீட்டர் கிளப்புக்குப் போங்க, அங்க போட்டி ரைபிள் எல்லாத்துலயும் பின்னாடி இருக்கறது ஓட்டை சைட்தான், நூல் அளவு சின்னது.

கேள்வி: கண்ணாடியில சிவப்புப் புள்ளி காட்டற எலக்ட்ரானிக் சைட், ரெட் டாட் வந்த பிறகு பீப் சைட்டுக்கு என்ன வேலை? (சிங்கப்பூர் வாசகர்)

ரெட் டாட் வேகத்துல ஒரு படி மேலதான், மறுக்க மாட்டேன், ஒரே ஒரு புள்ளி, அதை மிருகத்து மேல வச்சா முடிஞ்சுது. சிறுத்தைக்கு அந்தி நேரத்துல காத்திருக்கற ஆளுக்கு ஸ்கோப்தான், அங்க பீப் சைட்டை நான் சொல்லவே மாட்டேன். ஆனா .458 வின்செஸ்டர் மாதிரி 500 கிரெயின் குண்டு தள்ளற ரைபிளோட உதை எலக்ட்ரானிக் சாமானை சோதிச்சுப் பார்க்கும், ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்ப கிட்ட வச்சவன் புருவத்தையும் கிழிக்கும். அதனால டாட் போடுங்க, கீழ ஒரு வளையத்தையும் வச்சுக்கங்க.

கேள்வி: எந்த அளவு பீட் வாங்கணும்? (டர்பன் வாசகரோட ரெண்டாவது கேள்வி)

இதையும் கேட்டிருந்தீங்க, மறந்துட்டேன் பாருங்க. 2.4 மில்லிமீட்டர் பீட் 100 மீட்டர்ல சுமார் 27 சென்டிமீட்டர் இடத்தை மறைக்கும், 50 மீட்டர்ல அதுல பாதி. எருமைக்கு அது பரவால்ல, வேகமா கண்ணுல படும். 100 மீட்டர்ல துல்லியமா வேணும்னா 1.6. கலர் வெள்ளை, முகம் தட்டையா இருக்கணும், உருண்டை பாலிஷ் பீட் வாங்காதீங்க, வெயில் ஒரு பக்கம் அடிச்சா பளபளன்னு தெரியற பக்கத்தையே நடுன்னு நினைச்சு சுடுவீங்க, குண்டு வெயிலுக்கு எதிர் பக்கம் போயிடும். உள் வளையத்தைக் கழட்டலன்னா அதோட திருகுல ஒரு சொட்டு லாக் பசை விட்டுடுங்க, .375 உதைக்கு அது கழண்டு புல்லுல விழுந்தா கிடைக்காது.