அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிட்டு நல்ல பாக்டீரியாவை நம்பலாமா?

வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்த நம்ப வேண்டாம். மீண்டும் வராமல் தடுப்பதற்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முயன்று பார்க்கலாம்.

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை, செய்பவள் என்பதால், இந்தக் கேள்வியின் பின்னே உள்ள கவலை எனக்குப் புரிகிறது. கிருமி வளரும் தட்டில் மருந்து ஏற்றிய சிறு வில்லையை வைப்போம்; மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் விழ வேண்டும். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக் வில்லையின் விளிம்பு வரை, சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா படர்ந்திருக்கும் தட்டுகள் அன்றாடம் என் கைக்கு வருகின்றன. நீர்க்கடுப்பைச் சூடு என்று எண்ணி, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்திவிடும் வழக்கத்துக்கு இதில் பங்குண்டு.

நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 252 பெண்களிடம் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா மாத்திரையையும் கோட்ரைமாக்சசோல் என்னும் ஆன்டிபயாட்டிக்கையும் ஓராண்டு ஒப்பிட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று சராசரியாக முன்னவர்களுக்கு 3.3 முறையும் பின்னவர்களுக்கு 2.9 முறையும் வந்தது. அதாவது தடுப்பதில் ஆன்டிபயாட்டிக்கே சற்று முந்தியது. ஆனால் அதை உட்கொண்டவர்களின் உடலில் இருந்த ஈ.கோலையில் மருந்துக்கு அடங்காதவற்றின் பங்கு ஒரே மாதத்தில் 20–40 விழுக்காட்டிலிருந்து 80–95 விழுக்காட்டுக்கு ஏறியது. லாக்டோபேசில்லஸ் எடுத்தவர்களிடம் அப்படி ஏறவில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம்.

அமெரிக்காவில் 100 இளம்பெண்களிடம் லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் என்னும் வகையைப் பிறப்புறுப்பில் வைத்துச் சோதித்தபோது, தொற்று திரும்பியது 15 விழுக்காட்டினருக்கு; ஒப்பீட்டுக்காக வெற்று மருந்து பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு. அங்கே லாக்டிக் அமிலம் சுரந்து, குடலிலிருந்து வரும் ஈ.கோலை குடியேறாமல் பார்த்துக்கொள்வதே இதன் வேலை.

சுவீடனில் இன்னும் துணிச்சலாக, ஒட்டிக்கொள்ளும் இழைகளை இழந்து சாதுவாகிவிட்ட 83972 என்னும் ஈ.கோலை வகையையே, சிறுநீர் முழுதாகக் கழியாத 20 நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் செலுத்திப் பார்த்தார்கள். அது குடியிருந்த காலத்தில் 13 முறையும், இல்லாத காலத்தில் 35 முறையும் தொற்று வந்தது. நோயாளிகள் குறைவு என்றாலும், நம்பிக்கை தரும் முடிவு இது.

இவை எல்லாம் தனித்தனியே தேர்ந்தெடுத்த வகைகள். வீட்டுத் தயிரோ, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் பேசில்லஸ் கிளாசி குப்பியோ இவற்றுக்கு ஈடாகாது. குளிர்காய்ச்சல், விலாவலி, கர்ப்பம் ஆகியவை இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்பே கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள். மாத்திரை உள்ளே போன பின் கொடுத்தால் கிருமி தட்டில் வளராமலே போய்விடக்கூடும்.