ஈய எழுத்தைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் லெட்டர்பிரஸ் (மேடாக நிற்கும் எழுத்தில் மை பூசித் தாளில் ஒற்றும் பழைய அச்சு முறை) பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். கையால் எழுத்துக் கோர்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் இப்போதே போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: டிசைன் படிக்கிறேன். லெட்டர்பிரஸ் கற்றுக்கொள்ள ரொம்ப ஆசை. ஆனால் வீடியோக்களில் எல்லாம் வெளிநாட்டுப் பட்டறைகள்தான் வருகின்றன. தமிழ்நாட்டில் இதற்குப் படிப்பு உண்டா? எங்கே போய்க் கற்பது?
(கல்லூரி மாணவி, கோவை)

அச்சுத் தொழில்நுட்பத்துக்குப் படிப்பு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டப்படிப்பே இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அச்சுத் தொழிலில் வேலை இருப்பது ஆஃப்செட், ஃப்ளெக்ஸோ என்ற இப்போதைய அச்சு முறைகளிலும் பேக்கேஜிங்கிலும்தான், பாடங்களும் அதன் பக்கம்தான் சாயும். லண்டனில் செயின்ட் பிரைட் நிறுவனம் லெட்டர்பிரஸ் வகுப்புகள் நடத்துகிறது, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் மர எழுத்துகளுக்கென்றே ஹாமில்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல இடங்கள்தான், ஆனால் தமிழ் எழுத்துக் கேஸின் (எழுத்துகளைப் போட்டுவைக்கும், அறை அறையாகப் பிரித்த தட்டு) முன்னால் நின்று கோர்ப்பதை அங்கே யார் கற்றுத்தருவார்கள்?

உங்கள் ஊரிலேயே தேடுங்கள். பில் புக் அடித்துத் தருகிற சின்னப் பிரஸ்கள் பழைய கடைவீதிகளில் இன்னும் இருக்கின்றன. பில்லில் நம்பர் போடவும், கிழிப்பதற்குப் புள்ளிக்கோடு போடவும், அட்டையை வெட்டி மடிப்பு ஏற்றவும் காலால் மிதித்து ஓட்டுவதற்கென்று வந்த பழைய டிரெடில் மெஷினையே வைத்திருப்பார்கள். அங்கே போய், "எழுத்துக் கேஸ் இருக்கிறதா, கோர்க்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா" என்று கேளுங்கள். கம்பாசிட்டராக இருந்தவர் இப்போது அங்கேயே பைண்டிங் வேலையோ கல்லா வேலையோ பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது வேலையை விட்டு வீட்டில் இருக்கலாம், முகவரி கொடுப்பார்கள். போனதும் கேமராவை எடுக்காதீர்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் கொடுங்கள், ஏனென்றால் இந்த வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்தே பலருக்கு ஆயுள் கழிந்திருக்கிறது.

அப்புறம், முதல் நாளே உங்கள் பெயரைக் கோர்த்து அடிக்க ஆசைப்படாதீர்கள். பிரித்துப் போடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அடித்து முடித்த பக்கத்தைக் கழுவி, அதன் எழுத்துகளை மறுபடி அந்தந்த அறையில் போடுவதுதான் அது. சில வரிகளைச் சேர்த்து இடது கையில் ஏந்திக்கொள்வார்கள். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்ன வெட்டு இருக்கும், நிக் என்பார்கள், அது மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். வலது கை விரல்களால் ஒரு சொல் அளவுக்குக் கிள்ளி எடுத்து, படித்து, எழுத்து எழுத்தாக அறைகளில் உதிர்த்துக்கொண்டே போவார்கள். நல்ல கம்பாசிட்டர் இதைச் செய்யும்போது கேஸைப் பார்ப்பதே இல்லை, எழுத்து விழும் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். தலைகீழ் எழுத்தைப் படிக்கக் கண்ணும், எந்த அறை எங்கே என்று கையும் பழகுவது இந்த வேலையில்தான். ரகரத்தையும் துணைக்காலையும் (ா) குழப்பாமல் பிரிக்க வந்துவிட்டது என்றால் நீங்கள் ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை வரியாகக் கோர்க்கும் சின்னச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் அச்சுப் பட்டறை நடத்த நினைக்கிறேன். ஈயம் விஷம் என்கிறார்களே, பிள்ளைகள் தொடலாமா? ஒரு நாளில் என்ன கற்றுத்தர முடியும்?
(தமிழாசிரியை, மதுரை)

ஈயம் விஷம்தான், அதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அச்செழுத்தில் பெரும்பங்கு ஈயம், அதோடு கடினத்துக்காக ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் சேரும். தொட்டவுடன் உடம்புக்குள் போய்விடாது, ஆனால் எழுத்தைத் தொட்ட கையோடு தின்பண்டம் சாப்பிட்டால் நேரே வயிற்றுக்குத்தான் போகும். அதைவிட மோசம், பல வருடம் மூடிக் கிடந்த கேஸில் எழுத்துகளின் மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி. அந்த எழுத்துகளைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவராதீர்கள். கேஸில் இருக்கும் தூசியை யாரும் வாயால் ஊதவும் கூடாது. என்னைக் கேட்டால் எட்டாம் வகுப்புக்கு ஈயமே வேண்டாம் என்பேன். நோட்டீஸ், போஸ்டர் தலைப்புக்கு வைத்திருந்த மர எழுத்துகள் எங்காவது கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். பெரிதாக இருக்கும், பிடிக்கவும் சுலபம். ஈய எழுத்தை ஒரு தட்டில் வைத்து நீங்கள் காட்டினால் போதும். என்னதான் ஆனாலும், பட்டறை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

என்ன கற்றுத்தரலாம் என்பதற்கு உங்கள் பாடத்திலேயே வழி இருக்கிறது. தமிழில் 247 எழுத்து என்று சொல்லிக்கொடுக்கிறோம், அச்சகக் கேஸில் 247 அறை இருந்ததா என்று பிள்ளைகளையே கணக்குப் போட விடுங்கள். க, க், கி, கீ, கு, கூ ஆகியவற்றுக்குத் தனித்தனி அச்சு வேண்டும், அதையே பதினெட்டு மெய்க்கும் போட்டால் 108. கா, கெ, கே, கை, கொ, கோ எல்லாம் காலையும் கொம்புகளையும் பக்கத்தில் வைத்தால் வந்துவிடும். உயிரெழுத்து, ஆய்தம், ஜ, ஷ, ஸ, ஹ, எண்கள், நிறுத்தக்குறிகள், இடைவெளிக் கட்டைகள் என்று கூட்டிக்கொண்டே போகலாம். இப்படி ஒரு கரும்பலகைக் கணக்கு போட்ட பிள்ளை, 'கொ' என்று கோர்க்கும்போது கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளைத் தானே தேடி எடுக்கும்.

பழைய கேஸ் கிடைத்தால் இன்னொன்றும் இருக்கிறது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் மேலே துதிக்கை வளைத்த பழைய 'லை', 'ளை', ஒட்டி எழுதிய பழைய 'ணா', 'றா', 'னா' எல்லாம் தனி அச்சாகவே அதில் இருக்கும். பெரியார் 1935இல் குடியரசு இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்று ஆணை போட்டதும் அந்த அச்சுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பிரஸ்ஸை மூடுகிறார்கள். டிரெடில் மெஷின் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும் போலிருக்கிறது. வாங்கிப் போட்டுக் கற்றுக்கொள்ளலாமா?
(வங்கி ஊழியர், திருநெல்வேலி)

வைக்கத் தரைத்தளத்தில் இடம் இருந்தால் மட்டும். வார்ப்பிரும்பு சாமான், பல நூறு கிலோ வரும், மாடி வீட்டுக்காரர்கள் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். வாங்குமுன் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்காவது இடித்து நின்றாலோ பல் சக்கரத்தில் பல் உடைந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். பக்கவாட்டுச் சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு இருந்தாலும் யோசியுங்கள், வார்ப்பிரும்பு வெல்டிங்கை நம்ப முடியாது. தாளில் அச்சு விழாமல் தள்ளிப் பிடிக்கும் லீவர் வேலை செய்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள், அது புதிதாகப் பழகுகிறவருக்கு ரொம்ப முக்கியம். ரோலர் கெட்டிருந்தால் கவலை இல்லை, ரப்பர் ஏற்றித் தருவார்கள். மெஷினோடு சேஸ் (கோர்த்த பக்கத்தைப் பிடிக்கும் இரும்புச் சட்டம்), அதற்குள் எழுத்தை இறுக்கும் குவாயின், அதன் சாவி, மரக்கட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள், தனியாகத் தேடினால் அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: எழுத்துகள். மெஷினை வாங்க ஆள் வருகிறார்கள், ஆனால் எழுத்து எடைக்குப் போய் உருகிவிடுகிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் நான் எழுத்தைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரு தட்டையான கல்லும் கை ரோலரும் இருந்தால் மெஷின் இல்லாமலே புரூஃப் (சோதனை அச்சு) எடுத்துவிடலாம்.

ஓடும் டிரெடிலில் தாள் வைக்கிற கை எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். தனியாகப் பழகவே கூடாது. கோணலாக விழுந்த தாளை எட்டிப் பிடிக்கப் போய் விரலை நசுக்கிக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். தாள் வீணானால் ஆகட்டும்.

கேள்வி: அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கம்பாசிட்டராக இருந்தவர். ஆஃப்செட் வந்ததும் வேலை போய்விட்டது. இப்போது நான் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால், "அந்தக் கருமத்தைக் கற்று என்ன செய்யப் போகிறாய்" என்கிறார். எப்படிப் பேச வைப்பது?
(வாசகர், விருதுநகர்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் கோபம் நியாயமானது. நாள் முழுக்க நின்றே வேலை, கண் எரிச்சல், கையெல்லாம் மை, அதற்குக் கிடைத்த கூலியோ கொஞ்சம், கடைசியில் கம்ப்யூட்டர் வந்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு அதே வேலையைக் கலை என்று நாம் கொண்டாடினால் அவருக்கு எப்படி இருக்கும்?

அதனால் கற்றுக்கொடுங்கள் என்று கேட்காதீர்கள், அது அவரை வாத்தியாராக உட்கார வைத்துவிடும். ஒரு கேஸும் ஒரு ஸ்டிக்கும் எங்கிருந்தாவது கொண்டுவந்து அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்து, அவர் முன்னாலேயே கோர்க்க ஆரம்பியுங்கள். வரியை இறுக்குவதில் நீங்கள் தடுமாறுவீர்கள், அது எல்லோருக்கும் நேர்வதுதான், தமிழ்ச் சொற்கள் நீளம், ஒரு சொல் வரிக்குள் அடங்காமல் போனால் முழு வரியின் இடைவெளியையும் மாற்றிக்கட்ட வேண்டும். ஸ்டிக்கில் வரி ஆடினால் மெஷினில் எழுத்து எழும்பி வந்துவிடும். கம்பாசிட்டராக இருந்த ஒருவரால் ஆடுகிற வரியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார முடியாது, கையை நீட்டுவார். அவர் கையை நீட்டியதும் ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள்.

அப்புறம் மெல்ல, தொழில்நுட்பத்தை விட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள். நடுவில் ஓர் எழுத்து தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? (அதே அகலத்தில் வேறு எழுத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு மாற்றுவார்கள், அவர் எப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள்.) எந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி படிக்கவே முடியாமல் இருந்தது? தேர்தல் நேரத்தில் இரவு முழுக்க வேலை நடக்குமா? அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் கடைசிவரை மறுத்தால் விட்டுவிடுங்கள், அது அவருடைய உரிமை.

கேள்வி: பாலிமர் பிளேட்டில் (கம்ப்யூட்டரில் வடிவமைத்ததைப் பிளாஸ்டிக்கில் மேடாக எடுத்த தகடு) அடிப்பது உண்மையான லெட்டர்பிரஸ் இல்லை என்று ஒரு பெரியவர் சொல்கிறார். எனக்கு நன்றாக அழுந்திப் பள்ளமாக விழும் கல்யாணப் பத்திரிகைதான் பிடித்திருக்கிறது, அதுவும் தப்பு என்கிறார்.
(கிராஃபிக் டிசைனர், சென்னை)

இரண்டு விஷயத்திலும் அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அச்சு தாளை முத்தமிட்ட மாதிரி விழ வேண்டும், தாளின் பின்பக்கம் தடவினால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது. பின்னால் மேடு தெரிந்தால் மெஷின்காரருக்குத் திட்டு விழும். அழுத்தி அடித்தால் எழுத்தின் முகம் தேயும், எழுத்தோ பிரஸ்ஸின் சொத்து. பாலிமர் பிளேட் ஒரு வேலைக்குத்தான், கெட்டியான பஞ்சுத் தாளில் நன்றாக அழுத்தலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆக, பாலிமரில் அழுத்துங்கள், ஈய எழுத்தில் அழுத்தாதீர்கள்.

பாலிமரும் லெட்டர்பிரஸ்தான். மேடாக நிற்கிற பகுதியில் மை பூசித் தாளில் ஒற்றுவதுதான் இந்த அச்சு முறை. பிளேட்டும் அடிக்கட்டையும் சேர்ந்து எழுத்தின் உயரமான 0.918 அங்குலத்துக்கு வந்துவிட்டால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்கு ஃபாயில் அடிக்க உலோக பிளாக் செய்து கொடுப்பவர்கள் சென்னையிலும் சிவகாசியிலும் இருக்கிறார்கள், அவர்களிடமும் போய்ப் பாருங்கள். ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டரில் வடிவமைப்பதற்கு முன்னால் ஒரு பக்கமாவது ஈய எழுத்தில் கோர்த்துப் பாருங்கள். வரிக்கு வரி இடைவெளி என்பது கையில் எடுத்து வைக்கிற ஒரு தகடு என்று அப்போதுதான் தெரியும், அதற்குப் பிறகு திரையில் நீங்கள் விடும் இடைவெளியும் மாறும்.

கேள்வி: இளைஞர்களுக்குக் கற்றுத்தரும்போது அச்சு வரலாற்றை எவ்வளவு சொல்லலாம்?
(நூலகர், யாழ்ப்பாணம்)

வேலையோடு ஒட்டுகிற அளவுக்கு. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற, தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகம் அச்சானது என்பதைத் தேதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் ஏகமாகச் செலவானது, அதனால் அங்கிருந்த பாதிரிமார்கள் அங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அடித்தார்கள் என்பதைச் சொல்லி, ஒரே பத்தியை இரண்டு அளவு எழுத்தில் கோர்க்கவிட்டால் மறக்கமாட்டார்கள். உங்கள் ஊருக்கோ சொல்லவே வேண்டாம், ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவருடைய பதிப்பு ஒன்று உங்கள் நூலகத்தில் இருந்தால், பூதக்கண்ணாடி வைத்து ஒரு பக்கத்தில் உடைந்த எழுத்து எங்கே, மை குறைந்த இடம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தா பிரஸ்ஸின் எழுத்துகளில் இரண்டு கேஸ் மட்டும் மிச்சம். என்ன செய்யலாம்?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

முதலில் எதையும் கலைக்காதீர்கள். எந்த எழுத்து எந்த அறையில் என்பது பிரஸ்ஸுக்குப் பிரஸ் கொஞ்சம் மாறும், தாத்தாவின் ஒழுங்கு அப்படியே இருக்கிறது. மேலிருந்து தெளிவாகப் படம் எடுத்து, அறை அறையாகத் தாளில் வரைந்து வையுங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொண்டு தொடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பில் புக் பிரஸ் இருந்தால் ஒவ்வொரு எழுத்திலும் ஒன்று எடுத்து வரிசையாகக் கட்டி ஒரு புரூஃப் அடித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால் எழுத்தின் அளவு எத்தனை பாயிண்ட், எந்தெந்த எழுத்து குறைகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.